சிதம்பரம் அறை முதல் கடலூர் சர்வர் வரை: கணக்கு இடம் மாறிய கதை

'சர்வர் மைக்ரேஷன்' என்று சொன்னவுடனே கண்ணாடி ரூம், ஏ.சி., நூறு பேர் வேலை பார்க்கும் பெரிய கம்பெனி என்று கற்பனை பண்ணாதீங்க. நான் சொல்ல வருவது அதில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடை, சிதம்பரத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரம்... இந்த மாதிரி இடம். பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர். மூலையில் ஒரு பெட்டி. அதன் மேல் விபூதி, குங்குமம், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு. அதுதான் சர்வர்!

அந்தப் பெட்டிக்குள்தான் கடையின் உயிர் இருக்கிறது. யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், ஊழியர் சம்பளம், பி.எஃப்., போன வருஷத்து வரிக் கணக்கு எல்லாம் அங்கேதான். நாலைஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பெட்டி கிழடாகிவிடும். உள்ளே இருப்பதை எல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றணும். சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்த பிறகு ஆரம்பித்து, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பில் அடிக்கணும். இதுதான் மைக்ரேஷன்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, விழுப்புரம் - மயிலாடுதுறை மீட்டர் கேஜை அகலப்பாதையாக மாற்றின மாதிரி. 122 கிலோமீட்டர் பாதை. வேலை முடிந்து 2010-ல் மறுபடி திறக்கிற வரைக்கும் சில வருஷம் கடலூர், சிதம்பரம் வழியாக ரயிலே கிடையாது, எல்லோரும் பஸ்ஸில்தான் போனோம். ரயில்வேக்கு அந்த வசதி இருந்தது. ஜவுளிக்கடைக்காரருக்கு ஒன்றரை நாள்தான்!

சரி, இது ஏதோ கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த தலைவலி என்று நினைக்கிறோம். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், சேர்த்து வைத்ததை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுவதில் என்னென்ன தப்பாகும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே இரண்டு பழைய உதாரணம் இருக்கிறது. ஒன்று சிதம்பரம், இன்னொன்று கடலூர். அதைப் பார்த்துவிட்டு நம்ம பெட்டிக்கு வருவோம்.

சிதம்பரம்: பூட்டிய அறை

தேவாரம் கிடைத்த கதை நிறைய பேருக்குத் தெரிந்திருக்கும். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் 'திருமுறை கண்ட புராணம்' சொல்வது இது. சோழ ராஜாவுக்குத் தேவாரம் முழுசாகக் கேட்கணும் என்று ஆசை. (ராஜராஜ சோழன் என்பது வழக்கம். எந்த ராஜா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.) திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி மூலமாக, ஏடுகள் தில்லைக் கோயிலில் ஒரு அறைக்குள் இருப்பது தெரிய வருகிறது. போனால், மூவர் கையடையாளம் இட்டுப் பூட்டிய அறை அது, அந்த மூவரே வந்தால்தான் திறக்கலாம் என்கிறார்கள். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் மறைந்து எத்தனையோ காலமாச்சு. ராஜா என்ன செய்தார்? மூவருடைய திருவுருவங்களை ஊர்வலமாகக் கொண்டு வந்து நிறுத்தி, "இதோ வந்துட்டாங்க" என்று திறக்க வைத்தார்.

உள்ளே பார்த்தால் புற்று. ஏடுகளைக் கரையான் தின்றிருக்கிறது. எண்ணெய் ஊற்றி மண்ணை நீக்கி எடுத்ததில் மிஞ்சியது கொஞ்சம். ஒரு லட்சம் பதிகத்துக்கு மேல் பாடப்பட்டது என்று மரபு சொல்லும். இன்று கையில் இருப்பது எண்ணூறு பதிகத்துக்குள்தான், பாட்டுக் கணக்கில் சுமார் 8,200.

இதைப் பக்திக் கதையாகப் படிக்கலாம், தப்பில்லை. சர்வர் பார்த்துக்கொள்ளும் ஆள் படித்தால் வயிற்றைக் கலக்கும். ஒரே ஒரு இடத்தில் சரக்கு. திறக்கும் உரிமை உள்ளவங்க யாரும் உயிரோடு இல்லை. உள்ளே என்ன நிலைமையில் இருக்கிறது என்று நடுவில் யாரும் திறந்து பார்க்கவில்லை. பூட்டு பத்திரமாகத்தான் இருந்தது, பூட்டுக்குள்ளே இருந்ததுதான் போச்சு!

இதற்கு அப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். முதலாம் குலோத்துங்கன் காலத்துத் தளபதி நரலோகவீரன், மணவில் கூத்தன் என்றும் சொல்வார்கள். அவர் தேவாரத்தைச் செப்பேட்டில் எழுத வைத்தார் என்று சிதம்பரத்துக் கல்வெட்டுச் சொல்கிறது. கரையான் திங்க முடியாத மீடியாவுக்கு மாற்றியாச்சு. அதே போல திருவிடைவாய் என்ற ஊர்க் கோயிலில் சம்பந்தர் பதிகம் ஒன்று கல்லில் வெட்டியிருந்தது. ஏட்டுப் பிரதிகளில் இல்லாத அந்தப் பதிகம் இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கல்வெட்டிலிருந்துதான் கிடைத்தது. அதாவது தலைமை இடத்துச் சரக்கில் காணாமல் போனது, எங்கேயோ ஒரு சின்ன ஊர்ச் சுவரில் இருந்த நகலிலிருந்து திரும்பி வந்தது.

ஓலை, செப்பேடு, கல், அச்சு என்று வந்து, 2007-ல் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேவாரத்தைக் குறுந்தகட்டிலும் கொண்டு வந்தது. இப்போது வாங்குகிற லேப்டாப் பலதில் சி.டி. போடவே இடமில்லை என்பதையும் மனசில் வைங்க. பிறகு வருகிறேன்.

கடலூர்: தேவனாம்பட்டினத்துக் கோட்டை

சில்வர் பீச்சுக்குப் போறவங்க நிறைய பேருக்குப் பக்கத்தில் ஒரு கோட்டை இருந்தது தெரியாது. கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை செஞ்சி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னை கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர் எல்லாம் சேர்த்து என்று ஒப்பந்தம். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் வந்தது.

அப்போது அது ராஜ்யம் இல்லீங்க, வியாபாரக் கம்பெனி. துணி வாங்கிக் கப்பலில் அனுப்பும் ஆபீஸ். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை தலைமை, கடலூர் கிளை. ஆனால் கிளைக்கும் தனியாக ஒரு துணை கவர்னர், தனிக் கவுன்சில், தனிக் கணக்குப் புத்தகம். தினமும் என்ன பேசினோம், யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம் என்று எழுதி வைக்க ஆலோசனைப் புத்தகம் உண்டு. அதை இன்னொரு பிரதி எழுதி லண்டனுக்கு அனுப்பணும். முக்கியமான கடிதம் என்றால் இரண்டு மூன்று பிரதி எடுத்து வேற வேற கப்பலில் போடுவார்கள், ஒன்று மூழ்கினாலும் இன்னொன்று போய்ச் சேரும் என்று. 'எழுத்தர்' என்று வேலைக்கு வந்த வெள்ளைக்காரப் பையன்களுக்குப் பாதி வேலை இந்த நகல் எடுப்பதுதான். ராபர்ட் கிளைவே அப்படி எழுத்தராக வந்தவர்தான்.

1746 செப்டம்பர். பிரெஞ்சுக்காரர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்துவிட்டார். கவர்னர் நிக்கோலஸ் மோர்ஸ் கைதி. கிளைவ் மாறுவேஷம் போட்டுத் தப்பித்துக் கடலூருக்கு ஓடி வந்தார். ஒரே நாளில் தலைமை ஆபீஸ் காலி. கம்பெனி முடங்கியிருக்கணும் இல்லையா? முடங்கவில்லை. கடலூரில் இருந்த துணை கவர்னர் ஜான் ஹிண்ட் தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கவுன்சில் ஏற்கெனவே இருந்தது, புத்தகம் இருந்தது, எழுத ஆள் இருந்தது. கிளை அப்படியே தலைமையாக மாறியது. அன்றிலிருந்து 1752 வரைக்கும் சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைநகரம் நம்ம கடலூர்!

இதில் நான் ரசிக்கும் விஷயம் திரும்பிப் போன விதம். 1748 உடன்படிக்கைப்படி 1749-லேயே சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்ப வந்துவிட்டது. ஆனால் தலைமை ஆபீஸ் சென்னைக்குப் போனது 1752-ல். மூன்று வருஷம் கழித்து! மெயின் சர்வர் ரிப்பேர் ஆகி வந்தாச்சு என்று அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அங்கே தூக்கிப் போடவில்லை.

1758-ல் லாலி கடலூர்க் கோட்டையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார். அதற்குள் தலைமை சென்னைக்குப் போயிருந்ததால் கம்பெனி தொடர்ந்து நடந்தது. கோட்டை போனது, எழுத்து மிஞ்சியது. சென்னையிலேயே கம்பெனியின் ஆரம்ப காலத் தொகுதிகள் பல இப்போது கிடையாது. அந்த இடைவெளிகளை நிரப்ப ஆராய்ச்சியாளர்களுக்கு உதவியது, அப்போது கப்பலில் லண்டனுக்குப் போன பிரதிகள்தான்.

தில்லை அறையையும் தேவனாம்பட்டினக் கோட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. முதலாவதில் கட்டடம் நின்றது, உள்ளே இருந்தது அழிந்தது. இரண்டாவதில் கட்டடம் அழிந்தது, எழுதியது நின்றது. இனி நம்ம பெட்டிக்கு வருவோம்.

எஃப் டிரைவ் காலம்

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் சின்ன ஆபீஸ் நெட்வொர்க் என்றால் பெரும்பாலும் நாவெல் நெட்வேர்தான். 1991-ல் வந்த 3.11, 1993-ல் வந்த 3.12 இரண்டும் பேர் போனவை. கருப்புத் திரை, மவுஸ் கிடையாது. கம்ப்யூட்டரைப் போட்டு, எஃப் டிரைவுக்குப் போய், லாகின் என்று அடித்தால் உள்ளே விடும். எல்லா அதிகாரமும் உள்ள பயனருக்குப் பெயரே 'சூப்பர்வைசர்'.

கேபிள் டி.வி. ஒயர் மாதிரி ஒரு கருப்பு ஒயர் ஒவ்வொரு மேஜையாகத் தொட்டுப் போகும். இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர். நடுவில் யாராவது நாற்காலியை நகர்த்தி ஒரு 'டி' கனெக்டர் கழன்றால் மொத்த ஆபீசும் படுத்துவிடும். எங்கே கழன்றது என்று மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடணும். அந்தக் காலத்து நெட்வொர்க் அட்மினுக்கு முட்டி வலி இலவசம் :-)

ஆனால் நெட்வேர் சர்வர் லேசில் சாகாது. வருஷக்கணக்கில் அணைக்காமல் ஓடும். டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோவில் உள்ளூர்ப் பையன் யாராவது எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம் அதில் ஓடும். நன்றாக ஓடியதே பிரச்சினையாகவும் ஆனது. ஓடிக்கொண்டே இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அமைத்துக் கொடுத்தவருக்கு மட்டும் தெரியும், அவர் துபாய் போயிருப்பார். தில்லை அறைதான் திரும்பவும்!

பெயர் ஒண்ணு, ஆள் வேற

1996-ல் விண்டோஸ் என்.டி. 4.0 வந்தது. பக்கத்திலேயே 2000-ஆம் வருஷப் பிரச்சினை பயமுறுத்தியது. நெட்வேரிலிருந்து என்.டி.க்குக் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். மாற்றுவதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு கருவி கொடுத்தது. பயனர் பெயர் வரும், ஃபோல்டர் வரும், உரிமைகள் வரும். பாஸ்வேர்டு மட்டும் வராது. திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்டு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதுதான் மைக்ரேஷனின் கடைசிக் கட்டம். அந்தச் சீட்டு மானிட்டரில் ஒட்டப்பட்டு அங்கேயே வருஷக்கணக்கில் இருக்கும் என்பது தனிக் கதை.

என்.டி.யில் ஒரு முதன்மை டொமைன் கன்ட்ரோலர், தேவைப்பட்டால் ஒரு துணைக் கன்ட்ரோலர். துணையில் பயனர் பட்டியலின் நகல் எப்போதும் இருக்கும். முதன்மை செத்தால் துணையைப் 'புரமோட்' பண்ணணும். ஜான் ஹிண்டுக்கு 1746-ல் நடந்தது அதேதான்! ஆனால் சின்னக் கடைக்காரர் இரண்டாவது மெஷினுக்குக் காசு போட மாட்டார். "ஒண்ணு ஓடுதுல்ல, இன்னொண்ணு எதுக்குங்க?"

இங்கே தொழில் ரகசியம் ஒன்று சொல்லணும். சர்வரில் 'கணேசன்' என்று பயனர் இருந்தால், சர்வருக்கு அந்தப் பெயர் முக்கியமில்லை. உள்ளே ஒரு நீளமான எண் உண்டு, அதுதான் ஆள். பழைய சர்வரை ஓரம் கட்டிவிட்டு, புதுசில் அதே கணேசனை நாமே உருவாக்கினால் அவருக்கு வேற எண் கிடைக்கும். ஃபைல்களில் இருக்கும் உரிமை எல்லாம் பழைய எண்ணுக்கு. கணேசன் தன் சொந்த ஃபைலையே திறக்க முடியாமல் நிற்பார். அதனால்தான் தெரிந்தவர்கள் பயனர் பட்டியலை டொமைனோடு சேர்த்து நகர்த்துவார்கள், ஃபைல்களை மவுஸால் இழுத்துப் போடாமல் உரிமையோடு சேர்த்து எடுக்கும் ரோபோகாப்பி மாதிரிக் கருவியில் எடுப்பார்கள்.

லினக்ஸ் பக்கமும் ஒரு வழி இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-ல் ஆரம்பித்த சாம்பா. அதில் என்.டி. டொமைனிலிருந்து பயனர்களை அப்படியே உறிஞ்சி எடுக்கும் கட்டளைக்கு 'வாம்பயர்' என்று பெயர் வைத்தார்கள். ரத்தக்காட்டேரி! லைசென்ஸ் காசு மிச்சம் என்று சாம்பாவுக்குப் போன சின்ன ஆபீஸ்கள் உண்டு. ஆனால் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஊரை விட்டுப் போனால் அங்கேயும் அதே கதைதான்.

ஒரே பெட்டியில் எல்லாம்

சின்னக் கம்பெனிகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் 1997-ல் 'ஸ்மால் பிசினஸ் சர்வர்' விற்க ஆரம்பித்தது. 2003 பதிப்பு ரொம்பப் பிரபலம். ஃபைல், பிரிண்டர், பயனர், மெயில் எல்லாம் ஒரே பெட்டியில், 75 பேர் வரைக்கும். விலை மலிவு. மலிவுக்கு ஒரு நிபந்தனை: அந்த டொமைனில் அதுதான் ராஜா. இன்னொரு ஸ்மால் பிசினஸ் சர்வர் கூட இருக்கக் கூடாது. அப்படியானால் புது மெஷினுக்கு எப்படி மாறுவது? அதற்கு மட்டும் சலுகைக் காலம் கொடுத்தார்கள். 2008 பதிப்பில் அது 21 நாள். அதற்குள் பழையதும் புதியதும் சேர்ந்து இருக்கலாம். நாள் தாண்டினால் பழையது தானாக அணைய ஆரம்பிக்கும்.

கம்பெனிக்காரர்கள் சென்னை திரும்ப மூன்று வருஷம் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு 21 நாள்!

மாறும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் எப்போதும் சின்னச் சின்ன விஷயம்தான். எக்செல் ஷீட்டுக்குள் பழைய சர்வர் பெயரில் ஒரு லிங்க். டேலியின் ஐ.என்.ஐ. ஃபைலில் பழைய டேட்டா பாதை. பழைய மெஷினில் டேலி லைசென்சை 'சரண்டர்' பண்ணாமல் அதை எடைக்குப் போட்டுவிடுவது. பழைய சர்வரே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை அதை அணைத்த மறுநாள் கண்டுபிடிப்பது. இதை எல்லாம் முன்னாடியே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மைக்ரேஷன் ஒரு ராத்திரி வேலை. எழுதாவிட்டால் ஒரு மாச வேலை.

டேலி என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம ஊர் வியாபாரிகளை மாற வைத்தது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் இல்லை, வரித்துறை! தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1-ல் வாட் வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. ஒவ்வொரு தடவையும் புது டேலி, புது டேலிக்கு டேட்டா மாற்றம், அதற்குப் பழைய மெஷின் திணறும், புது மெஷின். நடுவில் பழைய வருஷத்துக் கணக்கு பழைய வடிவத்திலேயே ஒரு ஃபோல்டரில் தூங்கும். அதைத் திறக்கும் பழைய டேலி யாரிடமும் இருக்காது.

தமிழில் டைப் அடித்தவர்கள் பாடு இன்னும் மோசம். பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கு ஒரு எழுத்துரு. ஃபைல் பத்திரமாகப் புது சர்வருக்கு வந்துவிடும். திறந்தால் ஆங்கில எழுத்தும் கிறுக்கலுமாக நிற்கும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய கோப்புகள் மாற்றிகளை நம்பித்தான் பிழைத்தன. கரையான் அரிக்காத ஏடு, ஆனால் படிக்கத்தான் ஆள் இல்லை. குறுந்தகட்டைப் பற்றி மேலே சொன்னதும் இதற்காகத்தான்.

தானே

2011 டிசம்பர் 30 காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் அடித்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகள் விழுந்து கிடந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தோப்பு போனவர் வாழ்க்கைக்கு முன்னால் சர்வர் ஒரு பெரிய விஷயமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தோப்புக்காரருக்குப் பணம் தர வேண்டிய வியாபாரியின் கணக்கும், வேலையாள் கூலிக் கணக்கும் எங்கேயோ ஒரு பெட்டியில்தான் இருந்தன.

யூ.பி.எஸ். எவ்வளவு நேரம் தாங்கும்? அரை மணி, ஒரு மணி. அடுத்த வருஷம் 2012-ல் சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. பேட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காது. சர்வர் ஒழுங்காக 'ஷட்டவுன்' ஆகாமல் படக்கென்று அணைந்து அணைந்து, ஹார்ட் டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகப் போயின. கடலூரின் உப்புக்காற்று வேறு.

"எங்களிடம் இரண்டு டிஸ்க் இருக்கு, ஒன்றில் எழுதுவது தானாக இன்னொன்றிலும் எழுதப்படும்" என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். நல்லதுதான். ஒரு டிஸ்க் செத்தால் கை கொடுக்கும். ஆனால் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது இரண்டிலும் அதே நொடியில் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். 2015 நவம்பர் மழையிலும், 2024 டிசம்பர் ஆரம்பத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரை புரண்டபோதும் கடலூரில் தண்ணீர் எங்கெல்லாம் புகுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கடலூர் ஆபீசின் நகலை சிதம்பரத்துக் கிளையில் வைத்திருக்கிறோம் என்றால், அதுவும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். ஒரே புயல் இரண்டையும் தொட முடியும். கம்பெனிக்காரன் நகலைப் பாண்டிச்சேரியில் வைக்கவில்லை, கடல் தாண்டி அனுப்பினான்!

2017 மே மாதம் வானாக்ரை வந்தபோது இன்னொரு பாடம். பழைய ஃபைல் பகிரும் முறையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்து எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்டது. பேக்கப் எடுத்த யூ.எஸ்.பி. டிஸ்க்கை அப்படியே சர்வரில் சொருகி வைத்திருந்தால் அதுவும் பூட்டப்படும். கழற்றி வேறு இடத்தில் வைத்த டிஸ்க் மட்டுமே நகல்.

இப்போது என்ன?

ஸ்மால் பிசினஸ் சர்வர் வரிசையை 2011 பதிப்போடு நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2012-ல் அறிவித்தது. எல்லோரும் மேகத்துக்கு வாங்க என்று அர்த்தம். விண்டோஸ் சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14-ல் முடிந்தது. அதற்குப் பிறகும் அதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம், "ஓடுதுல்ல" என்ற ஒரே காரணத்துக்காக.

மேகத்துக்குப் போனால் பிரச்சினை தீர்ந்ததா? கரையானும் புயலும் தீர்ந்தது, நிஜம். பூட்டு தீரவில்லை. கம்பெனி மெயில் கணக்கு முழுவதும் வேலையை விட்டுப் போன ஒருவரின் செல் நம்பருக்கு ஓ.டி.பி. போகும்படி இருந்தால், அது மூவர் கையடையாளம் இட்ட அறைதான். இந்தத் தடவை உருவங்களை ஊர்வலமாகக் கொண்டு வந்தாலும் திறக்காது!

சட்டமும் இதில் நுழைந்துவிட்டது. கம்பெனிகள் சட்டம் 2013-ன்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கணும். மின்னணு முறையில் வைத்தால் இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப் வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தினார்கள். பதிவு பெற்ற கம்பெனிகளுக்குத்தான் இது. தனிக் கடைக்காரருக்கு இந்த விதி இல்லை என்றாலும், ஜி.எஸ்.டி. சட்டத்தில் அவருக்கும் ஆண்டுக் கணக்குத் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்கும் கடமை உண்டு. எட்டு வருஷம் என்பது பெட்டியின் ஆயுளை விட அதிகம். அப்படியென்றால் ஒவ்வொரு கணக்கும் சாகும் முன்னால் ஒரு தடவையாவது இடம் மாறியே தீரணும். மைக்ரேஷன் எப்போதாவது வரும் ஆபத்து இல்லை, கணக்கு வைப்பதின் ஒரு பகுதி.

அதனால் அடுத்த தடவை மாற்றும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்றுதான். வேறு ஊரில், வேறு கூரையின் கீழ், கழற்றி வைத்த ஒரு நகல் இருக்கிறதா? பாஸ்வேர்டு, லைசென்ஸ், ஐ.பி. விவரம் எல்லாம் காகிதத்தில் எழுதி மூடிய உறையில் முதலாளியிடம் இருக்கிறதா, இல்லை ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கிறதா? அஞ்சு வருஷத்துக்கு முந்தைய கணக்கை இன்றைய கம்ப்யூட்டரில் திறக்க முடிகிறதா? முடியாது என்றால் குறைந்தபட்சம் லெட்ஜரையாவது பி.டி.எஃப். ஆக எடுத்து வைங்க.

பழைய சர்வரை மாற்றின அன்றே எடைக்குப் போடாதீங்க. அணைத்து ஒரு மூலையில் ஒரு மாசம் வைங்க. யாராவது "அந்த ஃபைல் எங்கே?" என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை. இந்த வாரத்தில் ஒரு நாள், கடை அடைத்த பிறகு, பேக்கப் டிஸ்க்கை எடுத்து வேறு ஒரு கம்ப்யூட்டரில் சொருகி, போன வருஷத்து லெட்ஜர் ஒன்றைத் திறந்து பாருங்க. அரை மணி நேர வேலைதான். தில்லை அறையை நடுவில் யாராவது ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் இன்னும் எத்தனை பதிகம் நம் கையில் இருந்திருக்குமோ!